வாசல் வழியே போகாதவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) உத்தியோகம் பார்த்துவந்த செல்லப்பா என்பவர் அந்த வேலையை விட்டுவிட்டு, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அரசாங்க உத்தியோகம் கிடைப்பது குடும்பத்துக்கே கிடைத்த வாழ்வாகக் கருதப்பட்ட ஊர் அது. அவர் காவி கட்டவில்லை, மடம் எதிலும் சேரவில்லை, எதற்காக வந்தேன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. கும்பிட வந்தவர்களை ஏசி விரட்டினார், தனக்குள் பேசிக்கொண்டார், "எப்பவோ முடிந்த காரியம்", "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்று போகிறவர் வருகிறவரிடம் சொன்னார். ஊர் அவரை "விசர்ச் செல்லப்பா", அதாவது பைத்தியக்காரச் செல்லப்பா, என்று அழைத்தது. 1915இல் அவர் மறையும் வரையிலும் நல்லூரில் பெரும்பாலோருக்கு அவர் விசரர்தான்.

அவரைத் தேடி வந்து சீடரானவர்களில் ஒருவர், இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பின்னாளில் யோகசுவாமி (1872–1964) என்று அறியப்பட்டவர். அவரும் நிலையான சம்பளத்தை விட்டவர்தான். அவரும் வந்தவர்களை ஏசினார், துரத்தினார், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். ஆனால் கொழும்புத்துறையில் இருந்த அவருடைய குடிலுக்கு நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் வந்து காத்திருந்தார்கள். சுவாமியிடம் ஏச்சு வாங்குவதே ஒரு பேறு என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிவிட்டது. குரு செய்ததையே சீடரும் செய்தார். குருவுக்கு விசர்ப் பட்டமும் சீடருக்கு ஞானிப் பட்டமும் கிடைத்தன.

உலக வழக்கத்தை உதறிவிட்டுப் போகிறவர்களை ஏன் பைத்தியம் என்கிறார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், தன்னைப் போல் இல்லாதவர்களைக் கண்டு சமூகம் அஞ்சுகிறது என்பது. இந்தப் பதில் தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரை பாதி தூரம்கூடப் போவதில்லை. உலகை விட்டுப் போவது இங்கே அந்நியமான செயல் அல்ல. துறந்தவருக்கும் வறியவருக்கும் இறந்தவருக்கும் துணையாக இருப்பதே இல்வாழ்வானின் கடமை என்று வள்ளுவர் துறவியைக் குடும்பத்தின் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவைத்தார். வீடு வீடாகச் சென்று உணவு வாங்கி உண்ணும் துறவியைப் பற்றிய புகழ்ச்சிப் பாடல்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆகவே ஒருவர் போனார் என்பதற்காக மட்டும் ஊர் அவரைப் பித்தர் என்பதில்லை. போவதற்கென்று சமூகம் சில வாசல்களை அமைத்து வைத்திருக்கிறது. அவற்றின் வழியே போகிறவர் துறவி. சுவர் ஏறிக் குதித்துப் போகிறவரைத்தான் அது பைத்தியம் என்கிறது. இந்த வேறுபாடு வெறும் மரியாதை பற்றியது என்று தோன்றலாம். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அது எவ்வளவு கறாரானது என்பது புலப்படும்.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில் மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களை அடுக்குகிறது. துணைவர் குணப்படுத்த முடியாத மனநிலைப் பிறழ்வு கொண்டிருப்பது ஒரு காரணம். அதே பட்டியலில் சற்றுத் தள்ளி, துணைவர் ஏதேனும் ஒரு சமய ஒழுங்கில் சேர்ந்து உலகைத் துறந்திருப்பது மற்றொரு காரணம். அதற்கு அடுத்தது, ஏழு ஆண்டுகளாக அவர் உயிருடன் இருப்பதாகத் தகவலே இல்லாமல் போவது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இன்னும் நெருக்கமாகச் சேர்த்துப் பேசுகிறது: கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் தேவை, ஆனால் அவள் முற்றாக உலகைத் துறந்துவிட்டிருந்தாலோ, இந்துவாக இல்லாமல் போயிருந்தாலோ, மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்தாலோ அது தேவையில்லை. துறவியும் பித்தரும் ஒரே வாக்கியத்தில் அக்கம்பக்கமாக நிற்கிறார்கள். பழைய தருமசாத்திரங்களிலும் இதே நிலைதான். உன்மத்தருக்குக் குடும்பச் சொத்தில் பாகம் கிடையாது, துறவேற்றவரின் சொத்தோ அவர் இறந்துபோனதாகக் கருதி வாரிசுகளிடம் போகும். குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேரும் இல்லாதவர்களே.

இருவருக்கும் நடுவே கோடு கிழிப்பது சடங்கு. காவி உடுத்தியதால் மட்டும் ஒருவர் சந்நியாசி ஆகிவிடமாட்டார். உரிய சடங்குகளை முறைப்படி செய்து, தன் உரிமைகளைக் கைவிட்டு, தனக்குத் தானே ஈமக்கடன்கூட ஆற்றியிருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்த்தன. அந்தச் சடங்கின் பயன் ஊருக்கு ஒரு தேதி கிடைப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தேதி முதல் இவர் மகன் அல்லர், கணவர் அல்லர், கடன்காரர் அல்லர். எல்லோரும் அதற்கேற்பத் தங்கள் காரியங்களை ஒழுங்குசெய்துகொள்ளலாம். சடங்கில்லாமல் போனவர் இந்த வசதியை யாருக்கும் தருவதில்லை. அவர் திரும்பி வருவாரா, மாட்டாரா? பாகத்தைக் கேட்பாரா, மாட்டாரா? மனைவி சுமங்கலியா, யார்? பதில் இல்லாத இந்தக் கேள்விகளையெல்லாம் ஒரேயடியாக மூடிவைக்கக் கிடைக்கும் சொல் "பைத்தியம்".

திருவண்ணாமலையில் நடந்த ஒரு விசாரணை இதை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. மதுரையில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, வீட்டை விட்டுப் புறப்பட்டார். தேட வேண்டாம், அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர் முடியை மழித்து, பூணூலை அறுத்து, கோவணத்தோடு கோயிலில் உட்கார்ந்தார். குரு இல்லை, தீட்சை இல்லை, சந்நியாசச் சடங்கு எதுவும் இல்லை. ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அதே ஊரில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்து, கடைகளுக்குள் புகுந்து சரக்குகளை வாரி இறைப்பதும் தெருவில் எருமையோடு பேசுவதுமாகத் திரிந்த சேஷாத்ரி சுவாமிகளைப் பலர் பைத்தியம் என்றே எண்ணியிருந்தார்கள். புதிதாக வந்த பையனுக்குச் "சின்ன சேஷாத்ரி" என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சேஷாத்ரிதான் கல்லெறியிலிருந்து பையனைக் காக்க முயன்றவர்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பையன் ரமணர் என்று உலகறிந்தவராகி, அவரைச் சுற்றி ஆசிரமம் எழுந்து, அதன் நிர்வாக உரிமை யாருக்கு என்று வழக்கும் வந்துவிட்டது. 1936இல் அவரிடம் வாக்குமூலம் பெற ஆணையர் ஆசிரமத்துக்கே வந்தார். வழக்கறிஞர் கேட்ட கேள்விகளில் முக்கியமான ஒன்று, நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்பது. பிரமசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு வாழ்க்கை நிலைகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொத்துரிமை அந்தப் பதிலைப் பொறுத்தது. நான்குக்கும் அப்பாற்பட்ட நிலை என்று ரமணர் பதில் சொன்னார். அப்படி ஒன்று சாத்திரத்தில் உண்டா என்று கேட்டபோது உண்டு என்றார். அப்படி யாராவது இருந்திருக்கிறார்களா என்று கேட்டபோது சுகர், ரிஷபர், ஜடபரதர் என்று பெயர் சொன்னார். இந்தக் கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். புராணத்தில் ஜடபரதர் தன்னை அறிவற்றவன், ஊமை என்று மற்றவர்கள் எண்ணும்படி விட்டுவிட்டு வாழ்ந்தவர். பல்லக்குத் தூக்க இழுத்துச் செல்லப்பட்டவர். நீதிமன்றத்தின் முன் தன் நிலைக்கு முன்னுதாரணம் காட்ட வேண்டி வந்தபோது, ஊர் மூடன் என்று ஒதுக்கிய ஒருவரைத்தான் ரமணரும் காட்ட வேண்டியிருந்தது.

வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவும் இல்லை. சாத்திர முறைச் சந்நியாசம் முதல் மூன்று வருணத்து ஆண்களுக்கு உரியதாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. தருமபுரம் சைவ மடத்தின் தலைவரான பண்டார சந்நிதி தொடர்பான வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றமே 1898இல், சூத்திரர் சந்நியாச ஆசிரமத்தில் நுழைய முடியாது என்ற சாத்திரக் கொள்கையை ஏற்றது. சைவ மடங்கள் தங்களுக்கென்று வேறு வாசலைக் கட்டிக்கொண்டன. தம்பிரான் என்ற பட்டமும் மடத்து ஒழுங்கும் அப்படி அமைந்தவை. அந்த மடங்களுக்குள்ளும் இடமில்லாத சாதிகளிலிருந்து போனவர்களுக்குச் சுடுகாடும் மலைக்குகையும் தெருவும்தான் எஞ்சின. சித்தர் என்ற பெயரின்கீழ் நாம் இன்று சேர்த்துவைத்திருக்கும் பலரின் பாடல்களில் சாதியையும் சடங்கையும் பழிக்கும் குரல் அத்தனை உரக்கக் கேட்பது தற்செயலாக இருக்க முடியாது.

பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப்பட்ட புனிதவதியாரை அவருடைய கணவரே விட்டுப் பிரிந்து பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்ட பிறகும், அவர் உலகை விட்டுப் போவதற்குத் தன் உடலையே உதறிப் பேய் வடிவம் வேண்ட நேர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆணாக இருந்தால் தலையை மழித்தாலே போதுமானதாக இருந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டில் கன்னியாகுமரிக் கடற்கரையில் நாய்கள் சூழக் குப்பைகளைச் சேர்த்து எரித்துக்கொண்டிருந்த மாயம்மாவை, சித்தர் என்று சிலர் அடையாளம் கண்டு சொல்லும் வரை, வழிப்போக்கர்கள் பைத்தியக்காரக் கிழவியாகவே கண்டார்கள். வீட்டை விட்டுத் தனியே போன பெண்ணை ஞானி என்று எண்ணிப் பார்க்க ஊருக்கு மிக அதிக நாள் பிடிக்கிறது. அதுவும் அவர் முதுமை அடைந்த பிறகே பெரும்பாலும் நடக்கிறது.

குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் சொல்லில் ஒரு கருணைகூட உண்டு. "என்னை வேண்டாம் என்று போய்விட்டான்" என்று ஒரு தாயோ மனைவியோ சொல்வது தாங்க முடியாதது. "அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பது தாங்கக்கூடியது. முதலாவது, வீட்டின் மேல் வரும் தீர்ப்பு. இரண்டாவது, வீட்டுக்கு நேர்ந்த விபத்து. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வரான திருவெண்காடர் எல்லாவற்றையும் விட்டுப் பட்டினத்தாராகிப் பிச்சையெடுத்தபோது, குலத்துக்கு இழுக்கு என்று அவருடைய தமக்கையே நஞ்சு கலந்த அப்பத்தைக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் அதை வீட்டுக் கூரையில் செருக, வீடு பற்றி எரிந்ததாம். கதையின் அற்புதத்தை ஒதுக்கிவிட்டாலும் அதன் சமூக உண்மை நிற்கிறது: செல்வர் வீட்டுப் பிள்ளை ஊரறியப் பிச்சை எடுப்பது, சம்பந்தம் பேசும் இடத்திலும் வியாபாரக் கடன் கேட்கும் இடத்திலும் குடும்பத்தைப் பாதிக்கும். பித்துப் பிடித்தது என்று சொல்லிவிட்டால் பழி தீர்ந்து பரிதாபம் வந்து சேரும். நஞ்சைவிட இது நாகரிகமான வழி என்றே சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு அப்பால், ஊரும் ஒரு வகையில் தாக்கப்படுகிறது. ஒருவர் போனது மற்றவர்கள் இருப்பதன் மேல் கேட்கப்பட்ட கேள்வியாகிவிடுகிறது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பூமியில் பேயாக வைத்து எண்ணப்படுவான் என்று குறள் (850) சொல்கிறது. புல்லறிவாண்மையைக் கண்டிக்கும் அதிகாரத்தில் வருவதால் இது ஊரின் பக்கம் நின்று சொல்லப்பட்டதுதான். உலகத்தோடு ஒட்ட ஒழுகத் தெரியாதவர் பல கற்றும் அறிவில்லாதவர் என்பதும் (140) அவர் வாக்கே. ஆனால் "வைக்கப்படும்" என்று முடித்ததில் வள்ளுவர் வழக்கம்போல் எச்சரிக்கையாக இருக்கிறார். அவன் பேய் என்று அவர் சொல்லவில்லை, உலகம் அப்படி வைத்துக்கொள்ளும் என்கிறார். சம்பளமும் பதவி உயர்வும் மகள் கல்யாணமும் மெய்யான காரியங்கள் என்று நம்பி ஒருவர் நாற்பது ஆண்டு உழைத்திருக்கிறார். அதே நாற்காலியில் நேற்றுவரை உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்த் தேரடியில் இருந்துகொண்டு எல்லாம் எப்பவோ முடிந்த காரியம் என்கிறார். இருவரில் ஒருவர்தான் தெளிந்தவராக இருக்க முடியும். எண்ணிக்கை ஊரின் பக்கம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பதில் அந்தத் தீர்ப்பை மறுக்காமல் திருப்பிப் போட்டது. அரசராக இருந்தவர் என்று போற்றப்படும் குலசேகர ஆழ்வார், எனக்கு எல்லோரும் பேயர், நானும் எல்லோருக்கும் பேயன் என்று பாடினார்: "பேயரே எனக்கு யாவரும் யானும்ஓர் பேயனே எவர்க்கும்". பாண்டியனின் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைத் திருப்பெருந்துறையில் செலவழித்துவிட்டதாகக் கதை சொல்லப்படும் மாணிக்கவாசகர், உலகத்தவர் என்னைப் பித்தன் என்று சொல்வதற்குக் காரணம் இது, கேளுங்கள் என்று ஒரு பாடலையே தொடங்குகிறார். இவர்கள் இருவரும் பதவியின் உச்சியிலிருந்து இறங்கியவர்களாகவே நினைக்கப்படுவது கவனத்துக்குரியது. இழக்க ஒன்றும் இல்லாதவர் தெருவுக்கு வந்தால் ஊர் அவரை ஏழை என்று எண்ணிக் கடந்து போகும். இருந்தும் விட்டவரைத்தான் அதனால் கடந்துபோக முடிவதில்லை.

பித்தர் என்ற பெயர் போனவர்களுக்கும் பயன்பட்டது. கூட்டம் ஞானியை விடாது: வரம் கேட்கும், நோய் தீர்க்கச் சொல்லும், குறி கேட்கும், மடம் கட்டித் தரும். பித்தரை விட்டுவிடும். செல்லப்பா சுவாமி சோறு சமைத்து, உண்ணும் நேரத்தில் பானையை உடைத்துவிடுவார் என்று சொல்லும் மரபு இருக்கிறது. அத்தகைய குருவிடம் யார் நிற்பார்கள்? நின்றவர் யோகசுவாமி போன்ற ஒரு சிலர் மட்டுமே. பின்னர் அந்தச் சிலரின் சாட்சியமே நல்லூர்த் தேரடிப் பித்தரைச் செல்லப்பா சுவாமி ஆக்கியது. படித்தவரோ, பதவியில் இருப்பவரோ, வெளிநாட்டவரோ ஒருவர் வந்து காலில் விழும் வரை ஊர் காத்திருக்கிறது என்பதே இதன் பொருள். இன்று மென்பொருள் வேலையை உதறிவிட்டு வயலில் இறங்குகிறவருக்கும் இது பொருந்தும். முதல் இரண்டு போகம் வரை அவர் பைத்தியம், விளைச்சல் கண்டு வார இதழில் படம் வந்த பிறகு முன்மாதிரி.

பெயர் வைக்கும் அதிகாரம் ஊரிடமிருந்து அரசிடம் போகும்போது விளைவு மாறுகிறது. ஊர் பித்தர் என்றாலும் சோறு போட்டது. அரசு பித்தர் என்றால் கதவைப் பூட்டும். ரஷ்ய நாகரிகத்தைக் கடுமையாக விமரிசித்துக் கடிதம் வெளியிட்ட சாதயேவை 1836இல் ஜார் முதலாம் நிக்கோலாஸ் பித்தர் என்று அறிவித்து வீட்டுக்காவலில் மருத்துவர் மேற்பார்வையில் வைத்தார். அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் 1851இல், எசமானரை விட்டு ஓடிப்போகும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதி அதற்குக் கிரேக்கப் பெயரும் சூட்டினார். சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு "மந்தகதி மனச்சிதைவு" என்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உயிரியலாளர் ஜோரெஸ் மெத்வெதேவ் 1970இல் 19 நாட்கள் அப்படி அடைத்துவைக்கப்பட்டார். இந்தியாவிலும் ஆங்கிலேயரின் 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின்வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும், பித்தர் என்று கருதத்தக்கவராகத் தெருவில் திரிபவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தும் அதிகாரத்தைக் காவலருக்கு அளித்திருந்தன. செல்லப்பாவும் சேஷாத்ரியும் திரிந்தது அந்தச் சட்டங்களும் இலங்கையில் அவற்றுக்கு இணையான சட்டமும் நடைமுறையில் இருந்த காலத்தில்தான். அவர்களைக் காத்தது சட்டமல்ல, யாரும் புகார் கொடுக்காதது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பித்தர் என்று அழைக்கப்படுவோர் எல்லாம் மறைந்திருக்கும் ஞானிகள் என்று முடிப்பது பெரும் தவறாகும். நம் ஊர்களில் அந்தத் தவறு நடப்பதுண்டு. தெருவில் கந்தலோடு திரிபவரைச் சித்தராக்கி, அவர் எறியும் எச்சிலைப் பிரசாதமாக ஏந்தும் கூட்டம், அவருக்குக் காலில் புண் இருப்பதையும் அவர் குரல்களுக்கு அஞ்சி நடுங்குவதையும் பார்ப்பதில்லை. மறுபுறம், உண்மையான நோயாளிகளைக் குடும்பங்கள் கைவிட்டதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். வாழ்வை விட்டுப் போவது ஒருவர் எடுக்கும் முடிவு. மனச்சிதைவு அப்படி அல்ல. விட்டுப் போனவர் எதை விட்டார் என்பதை அறிந்திருக்கிறார். இரண்டு ரூபாயை மிச்சம் வைத்துக் கணக்கெழுதிப் போக அவரால் முடிகிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்தில் கொண்டுவந்தது. ஒருவர் வாழும் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, சமூக, பண்பாட்டு, தொழில், அரசியல் மதிப்புகளுடனோ சமய நம்பிக்கைகளுடனோ அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. தொழில் என்ற சொல்லும் அதில் இருப்பதால், வேலையை விட்டவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட வரி அது. ஆனால் அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு, மனநோய் உள்ளவராகவும் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாதவராகவும் காவல் நிலைய அதிகாரி நம்பக் காரணமுள்ள ஒருவர் தெருவில் திரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

திருவண்ணாமலைக் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாகி, பேசாமல், தானாக உண்ணாமல் கிடந்த வேங்கடராமனைப் பிறர் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஒரு காவல் துணை ஆய்வாளர் அவரைப் பார்த்தால் மனநலச் சட்டத்துக்குப் போக வேண்டிய தேவையே இராது. பதினாறு வயது, வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவன் என்ற காரணத்தால் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, புண்ணுக்கு மருந்திட்டு, மதுரைக்குத் தகவல் அனுப்புவார். அந்த அதிகாரி செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.